கொசுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணி: புரதங்களின் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

மலேரியாவைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி மனித உடலுக்குள் நடப்பதையே பேசுகிறது. குளிர்காய்ச்சல், கல்லீரல், சிவப்பணு என்று கதை அங்கேயே சுற்றிவரும். கொசுவுக்கு நோயைச் சுமந்து செல்லும் வேலையைத் தவிர வேறெதுவும் ஒதுக்கப்படுவதில்லை. ஒட்டுண்ணியின் பக்கத்தில் நின்று பார்த்தால் கணக்கு தலைகீழ். ஆண், பெண் செல்கள் இணைவதும், மரபணுக்கள் கலந்து புதுச் சேர்க்கைகள் பிறப்பதும் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில்தான். அதனால்தான் உயிரியல் நூல்கள் கொசுவை முதன்மை விருந்தோம்பி என்றும், மனிதரை இடைநிலை விருந்தோம்பி என்றும் வகைப்படுத்துகின்றன.

இந்த இரண்டு வாரப் பயணத்தைப் புரதங்களின் வழியே படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் அறிவியல் வாசகர்களுக்கும் இந்த வழிகாட்டி. புரதப் பெயர்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை; அது ஒரே வாரத்தில் மறந்துபோகும். ஒவ்வொரு புரதத்திடமும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். அதன் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான செய்தி) எப்போது எழுதப்படுகிறது? அது எப்போது புரதமாக மாறுகிறது? அந்தப் புரதம் செல்லின் எந்த இடத்தில் நிற்கிறது? அதற்கான மரபணுவை நீக்கினால் பயணம் எந்த இடத்தில் நின்றுபோகிறது?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை இருக்கும் என்றுதான் தோன்றும். இந்த ஒட்டுண்ணியில் பல இடங்களில் அப்படி இல்லை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டவருக்குக் கொசுக் கட்டத்தின் பாதி புரிந்துவிட்டது என்பேன்.

தொடங்கும் முன்: பெயர்களும் காலக் கணக்கும்

பி25, பி28, பி48/45, பி230 என்ற பெயர்கள் மிரட்டத் தேவையில்லை. எண்கள் ஏறத்தாழ மூலக்கூறு எடையை, கிலோடால்டன் அளவில், குறிக்கின்றன. 48/45 என்று இரண்டு எண்கள் வருவதற்குக் காரணம், புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் அந்தப் புரதம் இரண்டு பட்டைகளாகத் தெரிந்ததுதான். பெயருக்கு முன்னால் 'பிஎஃப்' என்று வந்தால் மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரம்; 'பிவி' என்றால் வைவாக்ஸ்; 'பிபி' என்றால் கொறிவிலங்குகளில் வாழும் பிளாஸ்மோடியம் பெர்கெய். இந்த முன்னொட்டை ஒருபோதும் தாண்டிப் படிக்காதீர்கள். மரபணு நீக்கச் சோதனைகளில் பெரும்பாலானவை எலிகளில் எளிதாக வளர்க்கக்கூடிய பெர்கெயில் நடந்தவை. அங்கே உண்மையாக இருப்பது ஃபால்சிபேரத்திலும் அப்படியே இருக்கும் என்ற உறுதி கிடையாது. பி47 என்ற புரதம் இதற்கு நல்ல சான்று; அதற்குப் பிறகு வருவோம்.

காலக் கணக்கு இது. ஃபால்சிபேரத்தை எடுத்துக்கொண்டால், கொசு இரத்தம் குடித்த கால் மணி நேரத்துக்குள் இனச்செல்கள் தயாராகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் கருவுறுதல் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு நாள் முதல் ஒன்றரை நாளுக்குள் கருவுற்ற செல், நகரும் தன்மையுள்ள ஊகைனீட்டாக உருமாறி வயிற்றுச் சுவரைக் கடக்கிறது. பிறகு அது அந்தச் சுவரில் தங்கி, ஊசிஸ்ட் என்ற உறையுள்ள செல்லாக ஒன்றரை வாரத்துக்கு மேல் வளர்கிறது. இரண்டு வாரம் ஆகும்போது, ஊசிஸ்டில் பிறந்து மனிதருக்குத் தொற்றும் ஸ்போரோசோயிட்டுகள் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும். சுற்றுப்புறம் குளிர்ந்தால் இந்த நாட்கள் நீளும்; மிகவும் குளிர்ந்தால் ஃபால்சிபேரத்தின் வளர்ச்சியே நின்றுவிடும். பெர்கெய் இதற்கு நேர்மாறு: 19 முதல் 21 டிகிரியில்தான் அது நன்றாக வளரும். ஆய்வறிக்கையில் கொசுக்களை எந்த வெப்பநிலையில் வைத்திருந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

முதல் படி: கொசு கடிப்பதற்கு முன்பே தொடங்குங்கள்

கொசுக் கட்டத்தைக் கொசுவிலிருந்து தொடங்குவது தவறான தொடக்கம். ஒட்டுண்ணி அதற்கான ஆயத்தத்தை மனித இரத்தத்திலேயே முடித்துவிடுகிறது.

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகளில் ஒரு சிறு பங்கு, பெருகுவதை விட்டுவிட்டு, இனச்செல்லின் முன்வடிவமான கேமீட்டோசைட்டாக மாறுகிறது. அந்தத் திருப்பத்தைத் தொடங்கிவைக்கும் புரதம் ஏபி2-ஜி. இது டி.என்.ஏ.வில் ஒட்டி மரபணுக்களை இயக்கும் ஒரு படியெடுப்புக் காரணி. 2014-ல் ஃபால்சிபேரத்திலும் பெர்கெயிலும் இதன் பங்கு வெளியானது. இந்த ஒரு மரபணு செயலிழந்தால் கேமீட்டோசைட்டே உருவாகாது; கொசுவுக்கு அந்த ஒட்டுண்ணியிடமிருந்து எதுவும் கிடைக்காது. ஃபால்சிபேரத்தின் கேமீட்டோசைட் முதிர்வதற்கு 10 முதல் 12 நாட்கள் பிடிக்கும். இளம் நிலைகள் எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் ஒதுங்கியிருந்து, முதிர்ந்த பின்புதான் இரத்த ஓட்டத்துக்கு வருகின்றன.

ஆண், பெண் கேமீட்டோசைட்டுகளின் புரதத் தொகுப்புகள் வியப்பூட்டும் அளவுக்கு வேறுபடுகின்றன. பெர்கெயில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து 2005-ல் ஒப்பிட்டார்கள். ஆணில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் புரதங்களும் கசையிழைக்கான புரதங்களும் குவிந்திருந்தன. பெண்ணில் ரைபோசோம்களும் புரத உற்பத்திக்கான கருவிகளும் நிறைந்திருந்தன. ஆணின் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண்ணுக்கோ அடுத்த ஒரு நாள் முழுவதும் புதுப் புரதங்கள் தேவை. இரண்டு தொகுப்புகளும் அந்தந்த வேலைக்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றன.

இப்போது அந்த இடைவெளிக்கு வருவோம். பெண் கேமீட்டோசைட்டில் பி25, பி28 ஆகியவற்றுக்கான தூது ஆர்.என்.ஏ. ஏராளமாக இருக்கிறது. புரதத்தைத் தேடினால் கிட்டத்தட்ட இல்லை. செய்தி எழுதப்பட்டுவிட்டது; ஆனால் உறையிலிட்டு ஒட்டப்பட்ட கட்டளைக் கடிதமாகப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. பிரிக்கவிடாமல் வைத்திருப்பவை டோசி என்ற ஆர்.என்.ஏ. ஹெலிக்கேஸும் அதன் கூட்டாளியான சித் என்ற புரதமும். 2006-ல் பெர்கெயில் டோசியின் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, குறைந்தது 370 வகைத் தூது ஆர்.என்.ஏ.க்கள் பாதுகாப்பிழந்து சிதைந்தன. கேமீட்டோசைட் உருவானது, கருவுறுதலும் நடந்தது. ஆனால் கருமுட்டை மேற்கொண்டு வளரவில்லை. மனித இரத்தத்தில் செய்யாமல் விட்ட சேமிப்பின் விளைவு, கொசுவின் வயிற்றில் பல மணி நேரம் கழித்துத் தெரிகிறது.

ஏன் இப்படிச் சேமிக்க வேண்டும்? கேமீட்டோசைட்டுக்குக் கொசு எப்போது வரும் என்று தெரியாது. வந்தபின் மரபணுவைத் திறந்து, படியெடுத்து, பிறகு புரதம் செய்யத் தொடங்கினால் நேரம் போதாது. முன்கூட்டியே புரதத்தைச் செய்து மேற்பரப்பில் நிறுத்தினாலோ மனித நோயெதிர்ப்பு அமைப்பு அதைப் பார்த்துவிடும். இந்த இரண்டாவது காரணம் என் ஊகமாகத் தோன்றலாம். தடுப்பூசி ஆய்வுகளைப் பார்க்கும்போது அதன் எடை புரியும்.

இரண்டாம் படி: முதல் பதினைந்து நிமிடங்கள்

கொசு வயிற்றில் விழுந்த கேமீட்டோசைட் இரண்டு அடையாளங்களை வைத்து இடமாற்றத்தை உணர்கிறது. ஒன்று, வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி குறைகிறது. இன்னொன்று, சாந்துரீனிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறு. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் சிதையும் பாதையில் கொசுவில் உண்டாகும் இந்தப் பொருள்தான் இனச்செல் உருவாக்கத்தைத் தூண்டுகிறது என்பது 1998-ல் உறுதியானது. கார அமில அளவின் மாற்றமும் துணைநிற்கிறது.

அடையாளம் கிடைத்ததும் ஓடும் சங்கிலியை வரிசையாக நினைவில் வையுங்கள். குவானைலில் சைக்ளேஸ் என்ற நொதி சுழல் ஜி.எம்.பி.யை உண்டாக்குகிறது, அது பிகேஜி என்ற கைனேஸை (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் செயலை மாற்றும் நொதி) எழுப்புகிறது, பிகேஜி செல்லுக்குள் கால்சியத்தை வெளிவிடச் செய்கிறது, கால்சியம் சிடிபிகே4 என்ற கைனேஸை இயக்குகிறது. சிடிபிகே4 இயங்கியதும் ஆண் செல் தன் டி.என்.ஏ.வை மூன்று சுற்றுகள் படியெடுக்கிறது. 14 குரோமோசோம்கள், 2.3 கோடி எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுப்பு சுமார் பத்து நிமிடங்களில் எட்டுப் பிரதிகளாகிறது. உயிருலகில் இவ்வளவு வேகமான படியெடுப்பு அரிது. பிறகு எட்டுக் கசையிழைகள் செல்லைக் கிழித்துக்கொண்டு சுழன்று வெளியேறுகின்றன. 1880 நவம்பரில் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான், நோயாளியின் இரத்தத்தில் கண்டு திகைத்த காட்சி இதுதான். கண்ணாடித் தகட்டில் குளிர்ந்த இரத்தம், ஒட்டுண்ணியைக் கொசுவுக்குள் வந்துவிட்டதாக நம்பவைத்துவிட்டது.

நான்காவது கேள்வியின் பலம் தெரியும் இடம் இது. பெர்கெயில் சிடிபிகே4-ஐ நீக்கினால் ஆண் செல்லில் டி.என்.ஏ. படியெடுப்பே தொடங்குவதில்லை. மேப்2 என்ற இன்னொரு கைனேஸை நீக்கினால் படியெடுப்பு முழுமையாக நடக்கிறது. ஆனால் எட்டு இனச்செல்களாகப் பிரிவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு ஒட்டுண்ணிகளும் ஒன்றுதான்: கசையிழை வரவில்லை, கொசுவுக்குத் தொற்றவில்லை. டி.என்.ஏ. அளவை அளந்தவருக்கு மட்டுமே எது முன்னே, எது பின்னே என்று தெரியும். ஆகவே 'இந்தப் புரதம் பரவலுக்கு அவசியம்' என்ற வாக்கியத்தோடு ஓர் ஆய்வு நின்றுவிட்டால், அது தொடங்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே நிமிடங்களில் இருபாலும் சிவப்பணுவிலிருந்து வெளியே வரவேண்டும். உள்ளே இருக்கும் குமிழிச் சவ்வு முதலில் உடைகிறது. சிவப்பணுவின் சவ்வு அதற்குப் பிறகு. வெளிச்சவ்வில் துளையிடுவது பிபிஎல்பி2 என்ற பெர்ஃபோரின் வகைப் புரதம். அதை நீக்கினால் உட்சவ்வு உடைந்தும் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

மூன்றாம் படி: கருவுறுதலை மூன்று செயல்களாகப் பிரியுங்கள்

தேடுவது, ஒட்டுவது, இணைவது ஆகிய மூன்றும் வேறுவேறு செயல்கள். பி48/45 இனச்செல்லின் மேற்பரப்பில் நங்கூரமிட்டு நிற்கும் புரதம். ஆண் இனச்செல் பெண்ணை ஒட்டுவதற்கு இது தேவை. பி230-க்குச் சொந்த நங்கூரம் கிடையாது. பி48/45-ஐப் பற்றிக்கொண்டுதான் அது மேற்பரப்பில் நிற்கிறது. ஆகவே ஃபால்சிபேரத்தில் பி48/45-ஐ நீக்கினால் பி230-உம் மேற்பரப்பிலிருந்து மறைகிறது. ஒரு புரதத்தை நீக்கியதன் விளைவு இன்னொரு புரதத்தின் இழப்பாகவும் இருக்கலாம் என்பதை இங்கே கற்றுக்கொள்ளலாம்.

ஒட்டியபின் சவ்வுகளை இணைப்பது ஹாப்2. இதன் வரலாறு சுவையானது. பூக்கும் தாவரங்களின் மகரந்தத்தில் முதலில் அறியப்பட்ட இந்தப் புரதம், 2008-ல் பெர்கெயிலும் கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியிலும் ஒரே வேலையைச் செய்வதாகக் கண்டறியப்பட்டது. இது இல்லாத ஆண் இனச்செல் பெண்ணோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே நுழையாது. இதன் முப்பரிமாண வடிவம் டெங்கு, சிகா வைரஸ்களின் இணைப்புப் புரதங்களை ஒத்திருப்பது பின்னர் தெரியவந்தது.

கருவுறாமைக்கு ஆண் காரணமா, பெண் காரணமா என்று கண்டறிய ஓர் அழகான முறை உண்டு. பெர்கெயில் பி48/45 இல்லாத ஒட்டுண்ணியின் பெண் மட்டும் நலமானது; பி47 இல்லாததன் ஆண் மட்டும் நலமானது. புதிதாக ஆராயும் ஒட்டுண்ணியை இந்த இரண்டோடும் தனித்தனியாகக் கலந்து விடுகிறார்கள். எதனோடு சேர்ந்தபோது ஊகைனீட் மீண்டும் வந்ததோ, அதைக்கொண்டு எந்தப் பாலில் குறை என்று சொல்லிவிடலாம். ஆய்வறிக்கையில் இந்தக் கலப்புச் சோதனை இருந்தால் முடிவின் மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

பரவலைத் தடுக்கும் தடுப்பூசிகளின் தர்க்கமும் இங்குதான் இருக்கிறது. மனித இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள், இரத்தத்தோடு சேர்ந்து கொசு வயிற்றுக்குப் போய் அங்கே வேலை செய்கிறது. பி48/45, பி230 இரண்டும் கேமீட்டோசைட்டிலேயே இருப்பவை. நோயாளியின் உடல் அவற்றைப் பார்க்கிறது, இயற்கையாகவே எதிர்ப்பொருள் உருவாகிறது. பி25 அப்படியல்ல. அதன் செய்தி கொசுவில்தான் புரதமாகிறது என்பதால், மனித உடல் அதை இயற்கையில் சந்திப்பதே பெரும்பாலும் இல்லை. இதனால் நோயெதிர்ப்பின் அழுத்தம் பி25 மேல் விழுவதில்லை. அதன் அமினோ அமில வரிசை ஓர் ஒட்டுண்ணி இனத்துக்குள் அதிகம் மாறுவதில்லை. தடுப்பூசிக்கு இது அனுகூலம். அதே காரணத்தால், தடுப்பூசி தந்த எதிர்ப்பொருளை இயற்கைத் தொற்று மீண்டும் தூண்டிவிடாது என்பது பாதகம். ஒரு தூது ஆர்.என்.ஏ. எந்த விருந்தோம்பியில் பிரிக்கப்படுகிறது என்ற ஒற்றை விவரம், தடுப்பூசி வடிவமைப்பையே இரண்டு திசைகளில் இழுக்கிறது.

இவற்றை அளக்கும் முறை சவ்வு வழி ஊட்டும் சோதனை. வளர்ப்பில் எடுத்த கேமீட்டோசைட்டுகளை எதிர்ப்பொருளோடு கலந்து, 37 டிகிரியில் வைத்த கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து மெல்லிய படலம் வழியாகக் கொசுக்களைக் குடிக்கவைக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து நடுக்குடலைப் பிரித்தெடுத்து, மெர்குரோகுரோம் சாயமிட்டு ஊசிஸ்டுகளை எண்ணுகிறார்கள். பி230-க்கு எதிரான எதிர்ப்பொருட்கள் பலவற்றுக்கு, எதிர்ப்பொருளோடு சேர்ந்து செல்லை அழிக்கும் மனித சீரத்தின் நிரப்புப் புரதங்களும் தேவை. சோதனையில் சீரத்தைச் சூடாக்கி அவற்றை அழித்துவிட்டார்களா என்று பார்க்காமல் எண்களை ஒப்பிடாதீர்கள்.

நான்காம் படி: கருமுட்டையிலிருந்து ஊகைனீட் வரை

இதை விரைவாகக் கடக்கலாம். கருவுற்ற சில மணி நேரத்தில் டி.என்.ஏ. மீண்டும் ஒருமுறை படியெடுக்கப்பட்டு குன்றல் பகுப்பு நடக்கிறது. நெக்2, நெக்4 என்ற இரண்டு கைனேஸ்களில் எது இல்லாவிட்டாலும் இந்தப் படியெடுப்பு நடப்பதில்லை. சேமித்த செய்திகளின் உறைகள் பிரிகின்றன, பி25, பி28 மேற்பரப்பை நிறைக்கின்றன. ஏபி2-ஓ என்ற படியெடுப்புக் காரணி ஊகைனீட்டுக்கான மரபணுக்களை இயக்குகிறது. அதன் தூது ஆர்.என்.ஏ.வும் கேமீட்டோசைட்டிலேயே சேமிக்கப்பட்டதுதான். உருண்டையாக இருந்த செல் நீண்டு வளைந்த உருவம் பெறுகிறது.

பி25, பி28 பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். பெர்கெயில் இவற்றில் ஒன்றை மட்டும் நீக்கினால் ஒட்டுண்ணி பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் ஊகைனீட்டுகளும் ஊசிஸ்டுகளும் வெகுவாகக் குறைகின்றன. நீக்கியும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒரு புரதத்தைத் தேவையற்றது என்று தள்ளிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: சுவரைக் கடப்பது

கொசு இரத்தம் குடித்ததும் அதன் நடுக்குடல், உணவைச் சுற்றிக் கைட்டின் கலந்த ஒரு படலத்தை நெய்கிறது. அதற்கு அப்பால் எபிதீலியச் செல்களின் அடுக்கு. ஊகைனீட் இரண்டையும் கடந்தாக வேண்டும். அது சுரக்கும் புரதங்கள் செல்லின் முன்முனையில் மைக்ரோனீம் என்ற நுண்பைகளில் காத்திருக்கின்றன.

படலத்தைக் கரைப்பது கைட்டினேஸ். கைட்டினேஸைத் தடுக்கும் அல்லோசாமிடின் என்ற பொருளை இரத்தத்தோடு கொடுத்தால் ஒட்டுண்ணி படலத்தைக் கடக்க முடிவதில்லை என்று 1993-லேயே காட்டினார்கள்.

நகர்வதற்குக் கால்களோ கசையிழையோ ஊகைனீட்டுக்கு இல்லை. மேற்பரப்புக்கு அடியில் மயோசின்-ஏ என்ற இயக்கப் புரதம் ஆக்டின் இழைகளை இழுக்கிறது. அந்த இழுவிசையை வெளியுலகத்தோடு இணைக்க ஒரு புரதம் வேண்டும். ஊகைனீட்டில் அது சிடிஆர்பி. அதை நீக்கினால் முழு உருவம் பெற்ற ஊகைனீட்டுகள் நகராமல் கிடக்கின்றன. ஊசிஸ்ட் ஒன்றுகூட உருவாவதில்லை. ஸ்போரோசோயிட்டில் இதே வேலையை ட்ராப் என்ற உறவுப் புரதம் செய்கிறது. இயந்திரம் ஒன்று, வெளியே பற்றும் புரதம் மட்டும் கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நேரம் மிச்சம்.

செல்லுக்குள் நுழைவதும் செல்லைக் கடப்பதும் வேறு என்பதைச் செல்டாஸ் என்ற புரதம் காட்டுகிறது. அது இல்லாத ஊகைனீட் எபிதீலியச் செல்லுக்குள் போகிறது. மறுபக்கம் வரத் தெரியாமல் உள்ளேயே மாய்கிறது. சவ்வில் துளையிடும் பிபிஎல்பி வகைப் புரதங்களில் 3, 4, 5 ஆகிய மூன்றும் இந்தச் சுவர்க் கடப்புக்கானவை.

ஆறாம் படி: கொசுவின் பக்கத்தையும் படியுங்கள்

ஒட்டுண்ணியின் புரதங்களை மட்டும் படித்துக்கொண்டு போகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். சுவரைக் கடந்த ஊகைனீட்டைக் கொசுவின் இரத்தமான ஹீமோலிம்ஃப் எதிர்கொள்கிறது. டெப்1 என்ற கொசுப் புரதம், நம் உடலின் நிரப்புப் புரதமான சி3-இன் தூரத்து உறவு. எல்ரிம்1, ஏபிஎல்1சி ஆகிய இரண்டும் அதைச் சுமந்து திரிகின்றன. டெப்1 ஒட்டுண்ணியின் மேல் ஒட்டினால் அதன் கதை முடிந்தது. தொற்றுக்கு இடங்கொடுக்கும் கொசுக்களில்கூடப் பெர்கெய் ஊகைனீட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் அழிகின்றன.

இங்கே பி47 திரும்பி வருகிறது. பெர்கெயில் இது பெண் இனச்செல்லின் கருவுறும் திறனுக்குத் தேவைப்பட்டது. ஃபால்சிபேரத்தில் இதை நீக்கியும் கருவுறுதல் நடந்தது, அப்படியானால் எதற்கு? 2013-ல் வந்த ஆய்வு விடை சொன்னது. ஃபால்சிபேரத்தின் பி47, ஊகைனீட்டைக் கொசுவின் நோயெதிர்ப்பிலிருந்து மறைக்கிறது. அது இல்லாவிட்டால் டெப்1 கண்டுபிடித்துக் கொல்கிறது. ஆப்பிரிக்காவின் அனாபிலிஸ் காம்பியே, அமெரிக்கக் கண்டத்தின் அனாபிலிஸ் அல்பிமானஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் பி47 வடிவங்கள் வேறு. ஒரு கொசு இனத்தில் மறைக்கும் வடிவம் இன்னொன்றில் மறைப்பதில்லை. ஆகவே ஃபால்சிபேரம் எந்தக் கொசுவில் பரவும், எதில் பரவாது என்பதில் இந்தச் சிறு புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் எளிதாகக் கிடைக்கும் கொசுவோடு தொலைதூர நிலத்தின் ஒட்டுண்ணியைச் சேர்த்து எடுத்த முடிவுகளைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

ஏழாம் படி: ஊசிஸ்ட்

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் கரும்புள்ளிகளோடு கூடிய செல்களைக் கண்டார். அவை ஊசிஸ்டுகள். இயற்கையில் பிடிபடும் தொற்றுள்ள கொசுவில் பெரும்பாலும் ஐந்துக்கும் குறைவாகவே இருக்கும். ஒட்டுண்ணியின் முழு வாழ்விலும் எண்ணிக்கை மிகவும் சுருங்கும் இடம் இது. அதனாலேயே தடுப்பு முயற்சிகளின் கண் இதன் மேல் இருக்கிறது.

ஒவ்வொரு ஊசிஸ்டும் ஆயிரக்கணக்கான ஸ்போரோசோயிட்டுகளைத் தருகிறது. அதற்கு நடுநாயகமான புரதம், ஸ்போரோசோயிட்டின் மேற்பரப்பை மூடும் சிஎஸ்பி. தடுப்பூசிகளின் வழியே எல்லோரும் கேள்விப்பட்ட பெயர். ஆனால் அது மனித உடலுக்காக மட்டும் இருக்கும் புரதம் என்ற எண்ணம் பிழை. சிஎஸ்பியின் மரபணுவைப் பெர்கெயில் நீக்கியபோது, ஊசிஸ்ட் வளர்ந்தது. அதற்குள் ஸ்போரோசோயிட்டுகள் உருவாகவில்லை. செல்சவ்வு உள்நோக்கி மடிந்து தனித்தனிச் செல்களை வெட்டியெடுக்கும் வேலைக்கே அது வேண்டியிருக்கிறது.

உருவான ஸ்போரோசோயிட்டுகள் தாமாகவே சிதறி வெளியேறுகின்றன என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஈசிபி1 என்ற சிஸ்டீன் புரோட்டியேஸின் மரபணுவை நீக்கிய ஆய்வு அதை மாற்றியது. ஸ்போரோசோயிட்டுகள் முழுமையாக உருவாகி, ஊசிஸ்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தன. வெளியேறுவது ஒட்டுண்ணி தானே செய்யும் செயல்.

எட்டாம் படி: உமிழ்நீர்ச் சுரப்பியும் இரண்டாவது உறையும்

ஹீமோலிம்ஃபில் மிதந்து வரும் ஸ்போரோசோயிட்டுகளில் ஒரு சிறு பங்கே சுரப்பிக்குள் நுழைகிறது. மேபல் என்ற புரதம் இல்லாதவை நகர்கின்றன, சுரப்பிக்குள் மட்டும் போவதில்லை. ட்ராப் இல்லாதவையோ சறுக்கி முன்னேறவே முடியாமல், சுரப்பிக்கும் போகாமல் நிற்கின்றன. ஒரே விளைவு, வேறு காரணம். இரண்டாம் படியில் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

சுரப்பிக்குள் வந்த ஸ்போரோசோயிட் உருவத்தில் ஊசிஸ்டில் இருந்ததைப் போலவே இருக்கிறது. ஆனால் தொற்றும் திறன் பல மடங்கு கூடிவிட்டது. இந்த மாற்றத்தின்போது பெருகும் மரபணுக்களுக்கு யுஐஎஸ் என்று எண்ணிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். யுஐஎஸ்4 கல்லீரல் செல்லுக்குள் ஒட்டுண்ணியைச் சூழும் சவ்வுக்குத் தேவையான புரதம். அதன் தூது ஆர்.என்.ஏ. சுரப்பியிலேயே நிறைந்திருக்கிறது, புரதம் மட்டும் இல்லை. மீண்டும் அதே உறை. இம்முறை பிரிக்கவிடாமல் வைத்திருப்பது பஃப்2 என்ற வேறொரு ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதம். பஃப்2-ஐ நீக்கினால் ஸ்போரோசோயிட்டுகள் கொசுவின் சுரப்பிக்குள்ளேயே, கல்லீரலுக்கு வந்துவிட்டதாக நம்பி, உருண்டு உருமாறத் தொடங்குகின்றன. டோசி நீங்கியபோது செய்திகள் சிதைந்தன. பஃப்2 நீங்கியபோது செய்திகள் முன்கூட்டியே திறந்துகொண்டன. விருந்தோம்பி மாறும் இரண்டு எல்லைகளிலும் ஒட்டுண்ணி ஒரே உத்தியை வேறு கருவிகளால் கையாள்கிறது. இந்தத் துறையில் நான் மிகவும் விரும்பிப் படிக்கும் பகுதி இதுதான்.

சுரப்பியில் காத்திருக்கும்போதே அடுத்த கட்டத்துக்கான ஸ்பெக்ட்1, ஸ்பெக்ட்2 ஆகியவையும் தயார். இவற்றை நீக்கினால் கொசுவில் எந்தக் குறையும் தெரியாது; தோலுக்குள் இறங்கியபின் செல்களைக் கடக்க முடியாமல் தவிக்கும். மேற்பரப்பில் சிஎஸ்பி அடர்ந்திருக்கிறது. ஃபால்சிபேரத்தின் சிஎஸ்பியில் ஆஸ்பரஜின், அலனின், ஆஸ்பரஜின், புரோலின் என்ற நான்கு அமினோ அமிலங்களின் தொடர் ஏறத்தாழ 40 தடவை திரும்பத் திரும்ப வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியிலும் 2023-ல் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசியிலும் இருப்பது இந்தத் தொடர்களும் சிஎஸ்பியின் வால்பகுதியும்தான். அவை கொசுவுக்குள் நடப்பதைத் தடுப்பதில்லை. கடித்த பின் கல்லீரலை எட்டவிடாமல் தடுக்கின்றன.

ஒன்பதாம் படி: புதிதாகப் படிக்கும் புரதத்தைச் சோதிக்கும் வரிசை

ஏதோ ஒரு கொசுக் கட்டப் புரதத்தைப் பற்றிய ஆய்வு கையில் கிடைத்தால், மலேரியா ஒட்டுண்ணிகளின் மரபணு விவரங்கள் அடங்கிய பிளாஸ்மோடிபி தரவுத்தளத்தில் அதன் மரபணு எண்ணை இட்டுத் தேடுங்கள். அங்கே தூது ஆர்.என்.ஏ. அளவும், நிறை நிறமாலையியல் கண்டறிந்த பெப்டைடுகளும் (புரதத் துண்டுகள்) தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒரே கட்டத்தைக் காட்டுகின்றனவா? கேமீட்டோசைட்டில் செய்தி, ஊகைனீட்டில் புரதம் என்று வந்தால் அது சேமிக்கப்பட்ட செய்தியாக இருக்கக்கூடும். செய்தி மட்டும் இருந்து பெப்டைடு இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். கொசுவின் நடுக்குடலிலிருந்து எடுத்த மாதிரியில் இரத்தத்தின் புரதங்களும் கொசுவின் புரதங்களும் வெள்ளமாக இருக்கும். அரிதான ஒட்டுண்ணிப் புரதம் அதில் மூழ்கிப்போயிருக்கலாம். 2002-ல் வெளியான ஃபால்சிபேரத்தின் முதல் பெரிய புரதத் தொகுப்பு ஆய்வு 2,400-க்கும் மேற்பட்ட புரதங்களை நான்கு கட்டங்களில் கண்டது; கொசுவிலிருந்து அதில் இடம்பெற்றது ஸ்போரோசோயிட் மட்டுமே. ஊகைனீட், ஊசிஸ்ட் விவரங்கள் பின்னர்தான் சேர்ந்தன.

அடுத்து, நீக்கச் சோதனை எப்படி நடந்தது என்று பாருங்கள். பிகேஜி போன்ற புரதங்கள் சிவப்பணுக் கட்டத்துக்கும் இன்றியமையாதவை. மரபணுவை அப்படியே நீக்கினால் ஒட்டுண்ணி பிழைக்காது, கொசுவரை போகாது. அத்தகைய புரதத்துக்கு இரத்தக் கட்டத்தில் மட்டும் இயங்கும் இயக்குவரிசையை மரபணுவின் முன் பொருத்துவார்கள். அல்லது மருந்து கொடுத்தால் மட்டும் புரதம் சிதையும்படி வால் ஒன்றைச் சேர்ப்பார்கள். முதல் முறையில் இரத்தக் கட்டத்தில் செய்த புரதம் கொஞ்சம் மிஞ்சிக் கேமீட்டோசைட்டோடு கொசுவுக்குள் போய்விடக்கூடும். அப்படியானால் முதல் சில மணி நேரத்து விளைவுகள் மறைந்து, பிந்தைய விளைவு மட்டுமே தெரியும். அந்தப் புரதத்தின் வேலை ஊகைனீட்டில்தான் தொடங்குகிறது என்ற முடிவை அந்த ஆய்விலிருந்து எடுக்க முடியாது.

கடைசியாக, நீக்கிய மரபணுவைத் திரும்பச் சேர்த்து, இழந்த திறன் மீண்டதா என்று காட்டியிருக்கிறார்களா பாருங்கள். காட்டவில்லையென்றால், நீக்கும்போது பக்கத்து மரபணுவும் சேதமடைந்திருக்கக்கூடும். அந்த ஆய்வு சொல்லும் முடிவை அதற்குரிய ஐயத்தோடே குறித்துக்கொள்ளுங்கள்.